தமியாவின் பெரிய ஸ்பிட்ஃபயர், டென்டல் லேப் ஆளின் கண்ணில்

ஜப்பானின் தமியா நிறுவனம் 1/32 அளவில் (நிஜத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு) போடும் ஸ்பிட்ஃபயர் மார்க் 8 போர்விமான மாடல் கிட்டை வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். அதற்கென்று 3டி பிரிண்டரில் அச்சிட்டு விற்கும் ரெசின் (ஒளியில் இறுகும் திரவப் பிளாஸ்டிக்) பாகங்களையும் சேர்த்து வாங்கலாமா என்று கேட்டால், முக்கால்வாசி வேண்டாம். மிச்சமுள்ள கால்வாசியை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. எழுத்து நீண்டதும் அதனால்தான்.

நான் டென்டல் லேப்பில் வேலை பார்க்கிறேன். பல் மருத்துவர் அனுப்பும் ஸ்கேனை வைத்துத் தாடை மாடல், தற்காலிகப் பல், தூக்கத்தில் பல்லை நறநறப்பவர்களுக்கான காப்பு எல்லாவற்றையும் ரெசினில் அச்சிட்டு, கழுவி, ஒளியில் இறுக்கி, மெருகேற்றி அனுப்புவதுதான் பிழைப்பு. அதனால் பெட்டியில் '3டி பிரிண்ட்' என்று போட்டிருந்தால் மற்றவர்களுக்கு வரும் பரவசம் எனக்கு வருவதில்லை. சப்போர்ட்டை (தாங்கும் தூண்களை) எங்கே வைத்தார்கள், ஒரு அடுக்கை எத்தனை மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அடித்தார்கள், ஒழுங்காகக் கழுவினார்களா என்றுதான் கண் போகும்.

ஏன் மார்க் 8? சிங்கப்பூரில், செங்காங்கில் இருப்பவளுக்கு சிலேத்தார் பக்கத்து ஊர். அந்த விமானத்தளத்திலிருந்துதான் 1954 ஏப்ரல் 1 அன்று பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்பிட்ஃபயர் ஒன்று கடைசி முறையாகப் போர்ப்பணிக்குக் கிளம்பியது. மலாயா அவசரகாலத்தில் (கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு நடந்த போர்) ஜொகூர் காட்டைப் படமெடுக்கப் போன மார்க் 19 அது. எனக்கு வேண்டியதும் உண்மையில் அதுதான். ஆனால் தமியா இந்த அளவில் மார்க் 19 போட்டதில்லை. சரி, பர்மா போர்முனையில் பறந்து, ஜப்பான் சரணடைந்த பிறகு 1945 செப்டம்பரில் சிங்கப்பூருக்கு வந்து இறங்கிய மார்க் 8 இருக்கிறதே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

மார்க் என்பது வடிவ எண். அதைப் பார்த்து 8 முந்தியது, 9 பிந்தியது என்று நினைக்க வேண்டாம். 1941-ல் ஜெர்மனியின் ஃபோக்கவுல்ஃப் 190 போர்விமானம் வந்து பழைய ஸ்பிட்ஃபயர்களைத் திணறடித்தபோது, இருந்த மார்க் 5 உடலிலேயே புது மெர்லின் எஞ்சினைப் பொருத்தி 1942-ல் அவசரத்துக்குக் கொண்டுவந்ததுதான் மார்க் 9. அந்த எஞ்சினுக்கென்று உடலையும் இறக்கையையும் நிதானமாகத் திருத்தி, வால் சக்கரத்தை உள்ளே மடங்க வைத்து, இறக்கையின் முன்விளிம்பில் எரிபொருள் தொட்டி வைத்த ஒழுங்கான வடிவம் மார்க் 8. வந்து சேர்ந்ததோ பின்னால். அப்புறம் பெரும்பாலானவற்றை இத்தாலி, பர்மா, ஆஸ்திரேலியா என்று கடல் தாண்டி அனுப்பிவிட்டார்கள். 'அவசரத்துக்கு' வந்ததுதான் பேரும் புகழும் வாங்கியது. எங்கள் லேப்பிலும் தற்காலிகப் பல்லைப் போட்டுக்கொண்டு நிரந்தரப் பல்லுக்கு வராமலே காணாமல் போகிறவர்கள் உண்டு.

இனி கிட். தமியா இந்த வரிசையை 2009-ல் மார்க் 9-ஐக் கொண்டு தொடங்கியது; மார்க் 8 அடுத்த ஆண்டு வந்தது. கட்டி முடித்தால் நீளம் சுமார் 30 செ.மீ, இறக்கை 35 செ.மீ. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுப் புத்தக அலமாரியில் உட்காரக்கூடிய பெரிய விமானம் என்றால் இந்த அளவுதான் எல்லை. 2022-ல் ஏர்ஃபிக்ஸ் போட்ட 1/24 ஸ்பிட்ஃபயரின் இறக்கை 47 செ.மீ வரும். அதற்கு அலமாரி போதாது, தனி மேசை கேட்கும்.

பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டியெடுத்து வெறுமனே சேர்த்துப் பிடித்தாலே கோடு தெரியாமல் பொருந்துகின்றன. பல்லுக்கு மேல் மாட்டும் கிரவுனின் விளிம்பு பல்லோடு சேரும் இடத்தை நாளெல்லாம் பூதக்கண்ணாடியில் பார்ப்பவள் சொல்கிறேன், பிளாஸ்டிக்கில் இப்படி ஒரு பொருத்தத்தை அச்சு வெட்டும் ஆள் மனம்வைத்தால்தான் கொண்டுவர முடியும். இறக்கையும் உடலும் சேரும் இடத்தில் இடைவெளியை அடைக்கும் புட்டி தடவுகிற வேலையே இல்லை.

எஞ்சின் மூடிதான் எனக்கு மிகவும் பிடித்தது. உள்ளே 27 லிட்டர், 12 சிலிண்டர் மெர்லின் முழுதாக இருக்கிறது. மேலும் பக்கமும் மூடும் தகடுகளை ஒட்டுவதில்லை. எஞ்சின் சட்டத்தில் குட்டிக் காந்தங்கள், தகட்டின் உட்புறம் சிறு இரும்புத் துண்டுகள். தகட்டைக் கிட்டே கொண்டுபோனதும் கடைசி ஒரு மில்லிமீட்டரில் விரலிலிருந்து தானே நழுவிப் போய் 'டிக்' என்று உட்காரும். அந்தச் சத்தத்துக்காகவே திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். இதில் ஒரு சூட்சுமம். தகட்டின் விளிம்பில் பெயின்ட் கொஞ்சம் கனமாக ஏறினாலும் அது உட்காராது. விளிம்புகளுக்கு ப்ரைமரை (அடிப்பூச்சை) புகை போலத் தூவினால் போதும், உட்புறத்துக்கு ஒரே ஒரு கோட். கைத்தூரிகையில் பூசிப் பழகியவர்கள் இந்த இடத்தில் மட்டுமாவது ஏர்பிரஷ் எடுக்க வேண்டும்.

வால் துடுப்பும் இறக்கை ஓரத்து ஏலரானும் அசையும். சக்கரத்தை இறக்கியும் வைக்கலாம், மடக்கிப் பறக்கும் கோலத்தில் ஸ்டாண்டிலும் நிறுத்தலாம். இவையெல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடிமுழுகிப் போகாது.

இப்போது அச்சிட்ட பாகங்கள். இணையத்தில் கிட்டின் பெயரைத் தட்டினால் போதும், இருக்கை, எக்ஸாஸ்ட் (எஞ்சின் புகைக்குழாய்), சக்கரம், கருவிப்பலகை, துப்பாக்கி முனை, கதவு, ரேடியேட்டர் என்று வந்து குவியும். எல்லாவற்றையும் கூடையில் போட்டால் கிட் விலையைத் தாண்டிவிடும். நான் எடுத்தது மூன்று: இருக்கை, எக்ஸாஸ்ட், சக்கரம். விற்றவர் ஐரோப்பாவில் வீட்டிலேயே இயந்திரம் வைத்து அச்சிடும் சிறு வியாபாரி. பெயர் வேண்டாம், ஏன் என்பது கீழே தெரியும்.

பார்சல் வந்த அன்று அதை லேப்புக்கு எடுத்துப் போனேன். கூட வேலை பார்க்கும் பெண் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, இதுக்குப் போய் காசு கொடுத்தீங்களா? ராத்திரி நம்ம மெஷின்ல போட்டுட்டுப் போனா காலையில ரெடியா இருக்குமே?"

"ஃபைல் யாரு தருவா? நீ தருவியா?"

"நீங்களே வரைங்க. பல்லு வரையுறீங்கள்ல?"

பல்லுக்கு ஸ்கேன் வருகிறது. ஸ்பிட்ஃபயர் இருக்கைக்கு யார் ஸ்கேன் அனுப்புவார்கள்? பழைய வரைபடத்தையும் அருங்காட்சியகப் படங்களையும் பார்த்து அளவெடுத்து வரைய வேண்டும். விற்கிறவரிடம் நாம் காசு கொடுப்பது அந்த உழைப்புக்குத்தான், உள்ளே இருக்கும் சில கிராம் ரெசினுக்கு அல்ல. மேலும் பல்லுக்கான ரெசின் வேறு, அதன் விலையும் வேறு. முதலாளி இயந்திரத்தில் என் விமானத்தை ஓட்டும் எண்ணமும் எனக்கு இல்லை. வீட்டில் ஒரு பிரிண்டர் வைக்கலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். இறுகாத ரெசின் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்து, கடைசியில் வேலையையே விட்ட டெக்னீஷியன்களைப் பற்றி எங்கள் தொழிலில் எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். நைட்ரைல் கையுறை, புகைபோக்கி, கழுவிய ஆல்கஹாலைப் பத்திரமாக அப்புறப்படுத்துவது என்று லேப்பில் செய்வதையெல்லாம், துணி காயும் சர்வீஸ் யார்டில், சமையலறைக்கு ஒட்டினாற்போல் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

முதலில் எக்ஸாஸ்ட். பக்கத்துக்கு ஆறு குழாய். பிளாஸ்டிக் அச்சில் குழாயின் வாயைக் குடைந்து எடுக்க வேண்டுமென்றால், ஒன்று இரண்டு பாதியாகப் பிரிக்க வேண்டும், இல்லையேல் பக்கவாட்டில் நகரும் அச்சு வேண்டும். அச்சிடும் முறைக்கு அந்தத் தொல்லை இல்லை. குழியை அது சும்மா விட்டுவிட்டுப் போகும். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். வாய் விளிம்பு மெல்லிசு, உள்ளே இருட்டு, பற்றவைத்த தழும்புகூடத் தெரிகிறது. அடுக்குக் கோடு கண்ணில் படவில்லை. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நாங்கள் தாடை மாடல்களை 50 மைக்ரான் அடுக்கில் அடிப்போம். 1/32 அளவில் அது நிஜ விமானத்தில் 1.6 மி.மீ படிக்கட்டு. உலோகக் குழாயில் அப்படி ஒரு படிக்கட்டு இருந்தால் பெயின்டுக்குப் பிறகும் காட்டிக்கொடுக்கும். 30 மைக்ரானில் அடித்தால் நிஜத்தில் ஏறக்குறைய 1 மி.மீ, ஒரு கோட் சர்ஃபேஸர் அடிப்பூச்சில் மறைந்துவிடும். நல்ல விற்பனையாளர் அடுக்கின் கனத்தைக் குறிப்பிட்டிருப்பார். குறிப்பிடவில்லையா, கேளுங்கள். கேட்டும் மழுப்பினால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

இருக்கையைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். நிஜ ஸ்பிட்ஃபயரின் இருக்கையே ரெசின்தான். உலோகத்தை மிச்சம் பிடிக்க, செயற்கை ரெசினில் ஊறிய காகித அடுக்குகளை அழுத்தி வார்த்து, செம்பழுப்பு நிறத்தில் இருக்கை செய்தார்கள். காக்பிட்டில் மற்றதெல்லாம் பச்சை என்பதால் பலர் இருக்கையையும் பச்சை அடித்துவிடுகிறார்கள். எனக்கு வந்த பாகத்தில் ஓரத்தின் கனம், முதுகு மெத்தையின் தையல், உயரம் மாற்றும் பிடி எல்லாம் அச்சு அசலாக இருந்தன. தமியாவின் இருக்கை மோசமில்லை. ஆனால் காக்பிட்டின் கண்ணாடி மூடியைத் திறந்து வைத்தால் பார்க்கிறவரின் கண் முதலில் போய் விழுவது அங்கேதான். அங்கே செலவு செய்யலாம்.

சப்போர்ட் விஷயத்துக்கு வருகிறேன். அச்சிடும்போது பாகத்தைத் தாங்க மெல்லிய தூண்கள் முளைக்கும். வெட்டியெடுத்த பிறகு ஒவ்வொரு தூணும் ஒரு பரு விட்டுப் போகும். விஷயம் தெரிந்தவர் அந்தப் பருக்களை இருக்கையின் அடியில், உடலோடு ஒட்டும் பக்கத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில் வரவைப்பார். பல் காப்பில் நாங்களும் அப்படித்தான்: நாக்கு படும் பக்கம் தூண் வைத்தால் நோயாளி மறுநாளே திரும்பி வருவார். இந்த இருக்கையில் தூண்கள் எல்லாம் அடிப்பக்கம். சக்கரத்திலோ பாதித் தூண்கள் டயர் கோடுகளின் மேலேயே நின்றன. ஒரே ஆள், ஒரே பார்சல், இரண்டு விதமான கவனம்.

சக்கரத்தில் பிரச்சினை அதோடு நிற்கவில்லை. ஒன்றைக் கையில் எடுத்ததுமே கையுறையில் பிசுபிசுத்தது. திருப்பி அச்சுத்தண்டு போகும் துளையைப் பார்த்தால், உள்ளே மஞ்சளாக ஒரு துளி பளபளத்தது. ரெசினை மிச்சம் பிடிக்க நடுவில் பொள்ளலாக விட்டிருக்கிறார், உள்ளே தங்கிய ஈரம் வெளியேற ஒழுங்கான வழி விடவில்லை. இப்படி உள்ளே இறுகாமல் நிற்கும் ரெசின் மாதக்கணக்கில் கசியும். மேலே அடித்த பெயின்டைத் தூக்கும், சில சமயம் பாகத்தையே வெடிக்க வைக்கும். அலமாரியில் வைத்த விமானம் ஆறு மாதம் கழித்துத் தானாகக் காலை ஒடித்துக்கொண்டால் யாரைக் குறை சொல்வது? படமெடுத்து அனுப்பினேன். தகராறு செய்யாமல் மன்னிப்புக் கேட்டு வேறு ஜோடி அனுப்பினார். அது திடமாக, சுத்தமாக வந்தது. ஆளை நம்பலாம், அவருடைய கழுவும் தொட்டியை நம்ப முடியாது.

இதெல்லாம் இருந்தும் சக்கரம் ஏன் என்றால், கிட்டோடு வரும் ரப்பர் டயர் எனக்கு ஒத்துவராது. ரப்பரில் பெயின்ட் நிற்பதும் கஷ்டம், நம் ஊர்ச் சூட்டில் வருடங்கள் போனால் அது எப்படி நடந்துகொள்ளும் என்ற பயமும் உண்டு. ரெசின் சக்கரத்தில் விமானத்தின் பாரத்துக்குத் தரையில் லேசாக அமுங்கிய தட்டையும் சேர்த்தே அச்சிட்டிருக்கிறார்கள். அந்தத் தட்டை சரியாகத் தரையைப் பார்க்குமாறு ஒட்டுங்கள், அவ்வளவுதான்.

வாங்க வேண்டாம் என்று சொன்ன முக்கால்வாசியில் முதலிடம் கருவிப்பலகைக்கு. பளபளக்கும் முகப்போடு அச்சிட்ட டயல்கள் பார்க்க அழகுதான். ஆனால் அது ஸ்பிட்ஃபயரின் ஒடுக்கமான வாய்க்குள் போய்விட்டால் டார்ச் அடித்துத்தான் காட்ட வேண்டும், கிட்டில் இருப்பதே போதும். துப்பாக்கி முனைக்கு ரெசின் வேண்டவே வேண்டாம். கனமில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் ரெசின் எதுவும் கைபட்டால் உடையும். கூடுதலாக ஒளியில் இறுக்கியிருந்தால் இன்னும் சீக்கிரம். அங்கே கடைந்த பித்தளைக் குழாய் வாங்குங்கள்.

ரெசினோடு வேலை செய்வதில் நம் ஊருக்கென்று சில சங்கதிகள். பிளாஸ்டிக் சிமெண்ட் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுவது; ரெசினிடம் அது செல்லாது. சூப்பர் குளூ வேண்டும். அதுவோ காற்றின் ஈரத்தில் இறுகுவது, ஈரத்துக்கு சிங்கப்பூரில் பஞ்சமா? நினைப்பதற்குள் பிடித்துக்கொள்ளும், பக்கத்தில் வெள்ளைப் பூஞ்சை போல ஆவிப் படலமும் படியும். கண்ணாடிப் பாகத்துக்கு அருகில் அதைக் கொண்டுபோகவே கூடாது. ரெசினைத் தேய்த்தால் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், தூளை மூச்சில் இழுக்க வேண்டாம். பெயின்டிலும் இதே ஈரத் தொல்லைதான்: டிசம்பர் மழையில் லாக்கர் அடித்தால் பால் ஊற்றினாற்போல் வெளுக்கும். உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கலந்த தின்னரில் கரைத்து, அறையில் ஏர்கானைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஈரம் குறைந்த பிறகு அடித்தால் வெளுப்பதில்லை.

பெட்டியில் வரும் அடையாளங்களை நான் ஒட்டவில்லை. தென்கிழக்காசியப் படைப்பிரிவின் விமானங்களில் வட்டச் சின்னத்தின் நடுவிலிருந்து சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஜப்பானியச் சூரியன் என்று எண்ணித் தன் ஆட்களே சுட்டுவிடக் கூடாதே என்று. கருநீலமும் வெளிர்நீலமும் மட்டும். இறக்கையிலும் வாலிலும் வெள்ளைப் பட்டை. இதையெல்லாம் மாஸ்க் வெட்டி, பெயின்டிலேயே அடித்தேன். இவ்வளவு பெரிய விமானத்தில் டெக்கலைவிட (பெட்டியில் வரும் ஒட்டுப்படத்தைவிட) அது நன்றாக நிற்கிறது, ஈரத்தில் டெக்கலுக்கு அடியில் வெள்ளி நிறம் பூக்கும் கவலையும் இல்லை.

காசுக் கணக்கு. கிட்டுக்கு இருநூறு சிங்கப்பூர் வெள்ளியைக் கொஞ்சம் தாண்டியது. வெளிநாட்டில் விலை குறைவாகத் தெரியும், ஏமாறாதீர்கள். கூரியர்காரர்கள் எடையோடு பெட்டியின் கன அளவையும் பார்த்துக் காசு கேட்பார்கள்; 1/32 பெட்டி பெரிது. 2023 முதல், 400 வெள்ளிக்குக் கீழே உள்ள பொருளையும் பெரிய இணையச் சந்தைகளில் வாங்கினால் பொருள் சேவை வரி சேர்ந்துவிடுகிறது. 2024 முதல் அது 9 விழுக்காடு. கூட்டிப் பார்த்தால் உள்ளூர்க் கடைக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு பெயின்ட் புட்டியின் விலைதான். ரெசின் பாகங்கள் சின்ன உறையில் வருவதால் அவற்றுக்கு வெளிநாடு பரவாயில்லை. மூன்று செட்டும் தபால் செலவும் சேர்த்து கிட் விலையில் பாதிக்குக் கொஞ்சம் கீழே நின்றது. என் கணவர் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, "இதுக்கு நாலு பேரும் பாத்தாம் தீவுக்குப் போய்ட்டு வந்திருக்கலாம்" என்றார். போயிருக்கலாம்தான்.

நான் கிட் வாங்கியது, பாதிக் கடைகள் ஷட்டர் இறங்கிக் கிடக்கும் ஒரு பழைய கடைத்தொகுதியின் மாடியில். கடைக்கார அங்கிள் பெட்டியைத் திறந்து பார்க்க விடுவார், உள்ளே இருக்கும் பையைக் கிழிக்கத்தான் விடமாட்டார். திறந்து பார்த்துவிடுவது நல்லது: இந்த விலைக்கு, கண்ணாடிப் பாகம் கீறல் விழாமல் இருக்கிறதா, காந்தமும் திருகுகளும் இருக்கும் சிறு பை உள்ளே இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்ப்பதில் வெட்கமில்லை. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் மார்க் 8 போய்விடும். இவையெல்லாம் எப்போதும் கையிருப்பில் இருக்கும் சரக்கு அல்ல, தமியா மறுபடி அச்சேற்றும்போதுதான் வரும். முதல் உலகப்போர் விமானங்களை 1/32-ல் போட்டுக்கொண்டிருந்த நியூசிலாந்தின் விங்நட் விங்ஸ் 2020-ல் மூடப்பட்ட பிறகு, அதன் பழைய பெட்டிகள் என்ன விலைக்கு ஏறின என்று இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதற்காக வீட்டிலிருக்கும் பாம் ஷெல்டர் அறை நிறையப் பதுக்கவும் வேண்டாம்.

போன வாரம் போனபோது மேல் தட்டில், கண்டம் (Gundam) ரோபோ மாடல் பெட்டிகளுக்குப் பின்னால், இன்னொரு மார்க் 8 இருந்தது. ஏணி கேட்டால் அங்கிள் முனகுவார், ஆனால் எடுத்துத் தருவார். ரொக்கமாகக் கொடுத்தால் கொஞ்சம் குறைப்பார். ரெசின் பாகங்களை அவரிடம் கேட்க வேண்டாம், அந்த வாடையே அவருக்கு ஆகாது.